பாலைவனத்தில் உயிர் பிழைத்தல்: தண்ணீருக்கு முந்தைய கேள்வி

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்வெளியில் கூப்பர் ஓடை என்றோர் இடம் இருக்கிறது. 1861 ஏப்ரல் 21 அன்று மாலை பர்க், வில்ஸ், கிங் என்ற மூவர் வடகடற்கரையை நெருங்கிவிட்டுக் குற்றுயிராக அங்கே திரும்பி வந்தார்கள். அவர்களுக்காக அங்கே நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்த குழு அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தது. உணவைப் புதைத்துவிட்டு, ‘தோண்டு’ என்று ஒரு மரத்தில் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மூவரும் தோண்டி எடுத்துச் சாப்பிட்டார்கள். தாங்கள் வந்ததையும் இனிப் போகும் திசையையும் ஒரு கடிதத்தில் எழுதி அதே குழியில் புதைத்தார்கள். ஆனால் மரத்தில் புதிதாக ஒரு கீறல்கூடப் போடவில்லை. மே 8ஆம் தேதி பழைய குழுவின் தலைவரும் இன்னொருவரும் திரும்பி வந்து பார்த்தார்கள். எல்லாம் விட்டது விட்டபடி இருப்பதாகத் தோன்றவே, தோண்டிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

பர்க்கும் வில்ஸும் இறந்தது தாகத்தால் இல்லை. ஓடையில் தண்ணீர் இருந்தது, மீனும் இருந்தது. கரையில் யாண்ட்ருவாண்டா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் உண்ட நார்டூ என்ற செடி நம் வயல்வரப்பில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனம். அதன் விதையுறைகளை அவர்கள் பக்குவம் செய்தபின்தான் உண்பார்கள். பக்குவம் தெரியாமல் தின்றதால் உடலிலிருந்த வைட்டமின் பி1 அழிந்து வெள்ளையர் இருவரும் வலுவிழந்தார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்த கிங் மட்டும் செப்டம்பரில் உயிரோடு மீட்கப்பட்டார்.

பாலைவனப் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் தொடங்குவார்கள். நான் இந்த மரத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. விபத்துகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தால், தண்ணீர் தீர்ந்துபோவது கதையின் கடைசிப் பகுதியாகவே வருகிறது. அதற்கு வெகுமுன்பே ஒரு கேள்வி விடையில்லாமல் விடப்பட்டிருக்கிறது: இவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வெளியுலகில் யாருக்காவது தெரியுமா?

கலிபோர்னியாவின் டெத் வேலியில் நடந்ததைப் பாருங்கள். வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம் அது. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகின் அதிகாரபூர்வ உச்ச வெப்பநிலை. 1996 ஜூலையில் ஒரு ஜெர்மானியக் குடும்பம், பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவருமாக, வாடகை வேனில் அதன் உட்பகுதிக்குள் போனது. கரடுமுரடான பாதைக்கு ஏற்ற வண்டி இல்லை அது. ஊர் திரும்ப வேண்டிய விமானத்தில் அவர்கள் ஏறவில்லை. ஆனாலும் குறிப்பாக இந்தப் பள்ளத்தாக்கில் தேட வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. அக்டோபரில், வேறு வேலையாக ஹெலிகாப்டரில் பறந்த பூங்கா அதிகாரி ஒருவர்தான் அன்வில் பள்ளத்தாக்கில் அந்த வேனைக் கண்டார். மூன்று டயர்கள் காற்றிழந்து கிடந்தன. பெரியவர்களின் எலும்புகள் கிடைத்ததோ 2009இல், தன்னார்வலர் இருவரின் விடாத தேடலால். தெற்கே இருந்த ராணுவத் தளத்தின் எல்லையை அடைந்தால் வேலியும் காவலும் இருக்கும் என்று நம்பி அவர்கள் நடந்திருக்கலாம் என்பது தேடியவர்களின் ஊகம். வரைபடத்தில் எல்லைக்கோடு இருந்தது. தரையில் அங்கே வேலியும் இல்லை, ஆளும் இல்லை.

இதிலிருந்து எல்லாக் கையேடுகளும் எடுக்கும் பாடம் ‘வண்டியை விட்டு விலகாதே’ என்பது. 1963 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் தடத்தில் வழிதவறி, பெட்ரோல் தீர்ந்த காரை விட்டு நடந்த ஐந்து பேர் கொண்ட குடும்பம் முழுவதும் இறந்ததையும் சேர்த்துச் சொல்வார்கள். பாடம் சரியானதுதான். வண்டி நிழல் தரும். மேலேயிருந்து பார்ப்பவருக்கு மனிதனைவிட வண்டி பல மடங்கு எளிதில் தென்படும். கண்ணாடி, ஹாரன், எரித்துக் கரும்புகை எழுப்ப டயர் என்று சைகைக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஆனால் 2024 ஆகஸ்ட்டில் சவூதி அரேபியாவின் ரூபுல் காலிப் பாலைவனத்தில் நடந்தது இந்தப் பாடத்தின் எல்லையைக் காட்டியது. தெலங்கானாவின் கரீம்நகரைச் சேர்ந்த இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், தொலைபேசிக் கோபுரப் பராமரிப்பு வேலைக்காகச் சூடான் நாட்டுச் சக ஊழியரோடு போனார். ஜிபிஎஸ் செயலிழந்தது, எரிபொருள் தீர்ந்தது, கைபேசியும் அணைந்தது. சில நாள்கள் கழித்து இருவரின் உடல்களும் வண்டிக்கு அருகிலேயே கிடைத்தன. வண்டியோடு இருந்தும் அவர்கள் பிழைக்கவில்லை. ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணலில், தேடுபவர்கள் உரிய நேரத்துக்குள் உரிய இடத்துக்கு வந்தால்தான் ‘வண்டியோடு இரு’ என்பதற்குப் பொருள் உண்டு. கையேடுகள் ‘வண்டியோடு இரு’, ‘போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போ’ என்ற இரண்டையும் தனித்தனி விதிகளாக எழுதுகின்றன. என் பார்வையில் இரண்டும் ஒரே விதியின் இரு பாதிகள்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? இதற்கு மிகத் தெளிவான பதில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீரர்களைப் பாலைவனத்தில் வைத்து ஆராய்ந்த ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் குழுவிடமிருந்து வந்தது. அவர்களுடைய நூல் 1947இல் வெளியானது. நிழலில் பகல் உச்ச வெப்பம் 49 டிகிரி என்றால், தண்ணீரே இல்லாமல் அசையாமல் கிடப்பவருக்கு ஏறத்தாழ இரண்டு நாள். இரவில் நடந்து களைத்துப் பிறகு ஓய்ந்தால் ஒரே நாள். 38 டிகிரி என்றால் ஓய்வில் ஐந்து நாள், இரவு நடையோடு மூன்று நாள். என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொரு கணக்கு. அந்த 49 டிகிரியில் கையில் ஒன்பதரை லிட்டர் தண்ணீர் இருந்தாலும் இரண்டு நாள் மூன்றாகத்தான் நீள்கிறது. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு வியர்த்தோம் என்பதே நாள்களைத் தீர்மானிக்கிறது.

வியர்வையின் வேலை அப்படிப்பட்டது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகும்போது 580 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் உடலைக் குளிர்விக்க வேறு வழியே கிடையாது. சுற்றியுள்ள காற்றும் பாறையும் உடலுக்குள் வெப்பத்தைச் செலுத்தத் தொடங்கிவிடும். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். உடல் எடையில் பத்து விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தவரால் நடக்க முடியாது, தெளிவாக யோசிக்கவும் முடியாது. அந்த நிலையில் எடுக்கும் முடிவுகள்தான் பலரைக் கொல்கின்றன.

இங்கே தமிழ்நாட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘சென்னை வெயிலையே பார்த்துவிட்டோம்’ என்ற தைரியம் நமக்கு உண்டு. சென்னையில் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், இழப்பது கண்ணுக்குத் தெரியும். உலர்ந்த பாலைக் காற்றில் வியர்வை வெளிவந்த கணமே ஆவியாகிவிடுகிறது. தோல் காய்ந்தே இருக்கும், சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, தண்ணீர் கையிலிருந்தும் மனிதர்கள் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை என்பதையும் அடால்ஃப் குழு கண்டது. தாகம் தாமதமாக எழுந்து சீக்கிரமே அடங்கிவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்து, சாப்பிடாமல் நடப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் வரும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பாதைகளில் இறங்குபவர்களுக்கு உப்புள்ள தின்பண்டங்களையும் எடுத்துப் போகும்படி பூங்காக் காவலர்கள் சொல்வது அதனால்தான். வறுத்த கடலையும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பையில் எடையே தெரியாது.

கடைசித் தண்ணீரைச் சேமித்து வைப்பதா, குடித்துவிடுவதா என்பது பழைய வாதம். துளித்துளியாகச் சேமித்தபடி பாட்டிலில் தண்ணீரோடு மயங்கி விழுவதில் பயனில்லை என்பதே ஆய்வின் முடிவு. மிச்சப்படுத்த வேண்டியது வியர்வையை. பகலில் நகராதீர்கள், வாய்மூடி மூக்கால் மூச்சுவிடுங்கள், உடலை மூடும் தளர்ந்த உடை அணியுங்கள். ‘கறுப்பு கூடாது, வெள்ளைதான்’ என்று சொல்வார்கள். சினாய்ப் பாலைவனத்து பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று அமிராம் ஷ்கோல்னிக் குழுவினர் அளந்து பார்த்து 1980இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் வெப்பம் தோலை எட்டுமுன்பே அங்கிக்குள் ஓடும் காற்றில் கலைந்துவிடுகிறது. உடலை அடையும் வெப்பம் இரு நிறத்துக்கும் ஒன்றுதான். நிறத்தைவிடத் தளர்வே முக்கியம் என்று பெதுவின்களின் அனுபவம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. உட்காரும் இடமும் அதே அளவு முக்கியம். 1972 ஜூலையில் டெத் வேலியின் தரை வெப்பம் 94 டிகிரிவரை போயிருக்கிறது. வெறுந்தரையில் சாயாமல், வண்டி இருக்கையைக் கழற்றிப் போட்டோ மேல்மணலைத் தோண்டி ஒதுக்கிவிட்டோ நிழலில் இருப்பது உயிர்நேரத்தை நீட்டும்.

தொலைக்காட்சி காட்டும் தந்திரங்களை நான் சுருக்கமாகவே கடக்க விரும்புகிறேன். கள்ளிச்சாறு பெரும்பாலும் வாந்தியைத்தான் தரும், வாந்தி இருக்கும் நீரையும் எடுத்துப்போகும். குழிவெட்டிப் பிளாஸ்டிக் தாள் விரித்து ஆவியிலிருந்து நீர் பிடிக்கும் முறையை 1965இல் ஜாக்சனும் வான் பேவலும் அறிவியல் முறைப்படி விளக்கினார்கள். ஈரமுள்ள மண்ணிலேயே நாளுக்கு ஒரு லிட்டர் சேர்ந்தால் பெரிது. காய்ந்த நிலத்தில் குழி வெட்டச் சிந்தும் வியர்வை அதைவிட அதிகம்.

பாலைவனத்தில் வெள்ளத்தில் சாவது நம்ப முடியாததுபோல் தோன்றும். சகாராவைத் தன் வீடாகக் கொண்ட எழுத்தாளர் இசபெல் எபர்ஹார்ட் 1904 அக்டோபரில் அல்ஜீரியாவின் அய்ன் செஃப்ராவில் இறந்தது திடீர் வெள்ளத்தில்தான். அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று பதினொரு பயணிகள் இறந்தார்கள். மழை அவர்கள் தலைமீது பெய்யவில்லை, மேல்நீர்ப்பகுதியில் எங்கோ பெய்தது. செடியில்லாத, இறுகிய தரை நீரைக் குடிப்பதில்லை. மழை முழுவதும் வழிந்து, கைவிரித்தால் இருபுறமும் தொடும் அளவு குறுகிய பாறை இடுக்குக்குள் சுவர்போல் எழுந்து வருகிறது. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2006 ஆகஸ்ட்டில் தார் பாலைவனத்தின் பார்மர் மாவட்டத்தில் கவாஸ் கிராமம் மூழ்கியது. அடியிலிருந்த ஜிப்சம் படிவு நீரை இறங்கவிடாததால் வெள்ளம் நெடுநாள் வடியவேயில்லை.

ஆகவே காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் போடக் கூடாது. மென்மையான மணல், காற்று மறைப்பு, மர நிழல் என்று அது எவ்வளவு அழைத்தாலும் சரி. பாறை இடுக்குகளுக்குள் நுழையுமுன் நிற்கும் இடத்தின் வானிலையைவிட மேல்நீர்ப்பகுதி முழுவதன் வானிலையைப் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவின் சயன் தேசியப் பூங்காவில் கீஹோல் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய ஏழு பேரும் இறந்தார்கள். அவர்கள் முறையாக அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள். அன்று வெள்ளத்துக்கு வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கையும் இருந்தது. அமெரிக்கப் பூங்காக்களின் பொதுவான கொள்கை, தகவலைச் சொல்லிவிட்டு முடிவைப் பயணியிடம் விடுவது. தெற்கு ஆஸ்திரேலியா வேறு வழியில் போகிறது. சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே விடுகிறது. சுதந்திரத்தைக் குறைப்பதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். ஓர் உயிரைத் தேடக் கிளம்பும் மீட்பாளரின் உயிரும் அதே வெயிலில்தான் இருக்கிறது என்பதால் நான் ஆஸ்திரேலிய வழியின் பக்கம். டெத் வேலியில் 49 டிகிரியைத் தாண்டினால் மருத்துவ ஹெலிகாப்டர்களால் பாதுகாப்பாகப் பறக்க முடிவதில்லை. சூடான காற்று மெலிந்து போவதால் இறக்கைகளுக்குப் பிடிப்புக் கிடைக்காது. மிகத் தேவையான நாளில்தான் அந்த உதவி வராது.

வழிதவறுவது அடுத்தது. அடையாளமில்லாத நிலத்தில் மனிதன் வட்டமடிக்கிறான் என்பதை 2009இல் யான் சவ்மன் குழு ஜெர்மானியக் காட்டிலும் துனீசிய சகாராவிலும் ஆள்களை நடக்கவிட்டுச் சோதித்தது. சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தாங்கள் திரும்புவதை அறியாமலே திரும்பினார்கள். மணற்புயலில் நிற்க வேண்டும் என்ற விதியின் காரணமும் இதுவே. 1994இல் மொராக்கோவில் நடந்த மராத்தான் டே சாபிள் போட்டியில் இத்தாலியரான மவ்ரோ புரோஸ்பெரி புயலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தார். ஒன்பது நாள் கழித்து, ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் விலகி, அல்ஜீரியாவில் பிழைத்து எழுந்தார். அவரைப்போல் பிழைத்தவர் அரிது.

கைபேசி வரைபடம் வந்த பிறகு வழிதவறும் விதமே மாறிவிட்டது. இப்போது மனிதர்கள் துல்லியமாகத் தவறான இடத்துக்குப் போகிறார்கள். டெத் வேலியில் பழைய சுரங்கப் பாதைகளை உயிருள்ள சாலைகளாகக் காட்டும் ஜிபிஎஸ் கருவிகளை நம்பிச் சிக்கியவர்கள் பெருகவே, பூங்காக் காவலர்கள் அதற்கு ‘ஜிபிஎஸ் மரணம்’ என்றே பெயர் வைத்தார்கள். 2012 டிசம்பரில் ஆப்பிள் வரைபடம் ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரத்தை எழுபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு வறண்ட தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அதை நம்பிப் போனவர்களில் சிலர் உணவும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் முழுவதும் சிக்கிக் கிடந்தார்கள் என்று விக்டோரியா காவல்துறை பகிரங்கமாக எச்சரித்தது. அச்சிட்ட வரைபடமும் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தையும் இல்லாமல் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது. பாதை எதிர்பார்த்ததைவிட மோசமாகத் தொடங்கினால், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். சிக்கிய பிறகு திரும்ப முடியாது.

இரண்டு வண்டிகளாகப் போவது, மணலில் டயர்க் காற்றைப் பாதியாகக் குறைப்பது, திரும்ப ஏற்றப் பம்பு வைத்திருப்பது, புதைந்த சக்கரத்தைச் சுழற்றாமல் தோண்டிப் பலகை கொடுப்பது, உப்புப்படுகையின் மேலோட்டை நம்பி ஏறாமலிருப்பது ஆகியவற்றை வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம்மவர்கள் பலர் நன்றாகவே அறிவார்கள். அவர்களும் தவறவிடுவது தகவலைத்தான். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படத்தால் நமக்குத் தெரிந்த ஏரன் ரால்ஸ்டன், தேர்ந்த மலையேறி. 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் பாறையில் கை சிக்கி, ஐந்து நாளுக்குப் பின் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் சிறு கருவிகள் இன்று பல நாடுகளில் எளிதில் கிடைக்கின்றன. அலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்துக்குப் போகும் எவருக்கும் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். ஆனால் இந்தியாவில் எச்சரிக்கை தேவை. துரயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் கருவிகளை உரிமமில்லாமல் வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம், வெளிநாட்டுப் பயணிகள் இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள். எனவே ஜெய்சல்மேர், பார்மர் பக்கம் போகிறவர்களுக்கு உள்ளூர் வழிகாட்டியும், ஊரில் சொல்லிவிட்டுப் போவதும்தான் உண்மையான கருவிகள். கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போகும் பாதை, வண்டி எண், திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்ற நான்கையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டே போக வேண்டும். வண்டியை விட்டு நகரத்தான் வேண்டும் என்றால், எப்போது எந்தத் திசையில் போனோம் என்ற சீட்டு கண்ணாடிக்குள் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்.

நான் இதுவரை குறிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பிப் போனவர்கள். வேறுவழியில்லாமல் போகிறவர்களைச் சேர்க்காமல் இந்தக் கட்டுரை நிறைவு பெறாது. 2021 ஜூனில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் பாட்டியோடு கால்நடையாகப் போன ஒரு சிறுமி தாகத்தால் இறந்தாள். பாட்டியை மயங்கிய நிலையில் கண்டவர் ஓர் ஆட்டிடையர். மெக்சிகோ எல்லை தாண்டி அரிசோனாப் பாலைவனத்துக்குள் நடந்து இறந்த ஏழைகள் ஆயிரக்கணக்கானோர். ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ என்ற அமைப்பு 2001 முதல் அங்கே தண்ணீர்த் தொட்டிகள் வைத்து, தூரத்திலிருந்து தெரிய நீலக்கொடி பறக்கவிடுகிறது. இப்படி வேறுவழியில்லாமல் நடப்பவர்களிடம் போய் வெயில் தாழ்ந்தபின் நடங்கள் என்று அறிவுரை சொல்வதில் பொருளில்லை. இவர்களுக்கு வேண்டியது பேருந்து, தண்ணீர்ப் பந்தல், சட்டப்பாதுகாப்பு.

அதே வரிசையில்தான் வளைகுடாவில் கோபுரம், குழாய், எண்ணெய்க் கிணறு பார்க்கப் போகும் தொழிலாளரையும் வைக்கிறேன். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. நல்ல சட்டம். அதே அக்கறையோடு, மணலுக்குள் ஆள் அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் இரண்டாவது வண்டியையும் செயற்கைக்கோள் கருவியையும் கொடுத்து, குறித்த நேரத்தில் குரல் வரவில்லையென்றால் அன்றே தேடக் கிளம்பும் ஒருவரை அலுவலகத்தில் உட்கார வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படியொரு வேலையில் இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: நீ பாலைவனத்துக்குள் போகும் நாளில், எந்த வழியில் போகிறாய் என்று யாருக்குத் தெரியும், நீ வராவிட்டால் எத்தனை மணிக்குத் தேடுவார்கள்? அவரிடம் பதில் இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.